கடற்கரைத் தீர்த்தமும் மலைத் தீர்த்தமும்: இராமேசுவரத்தில் காண்பனவும் செய்வனவும் – தீர்த்தமலை நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

இராமேசுவரம் செல்வோர் எவற்றைக் காண்கின்றனர், எவற்றைச் செய்கின்றனர் என்னும் வினாவுக்கு வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் பிராகாரத்தையும் பாம்பன் பாலத்தையும் விடையாகத் தருகின்றன. அவ்வூரின் சடங்கு வரிசையோ கல்லை அன்றி நீரை மையமாகக் கொண்டது. தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலுள்ள தீர்த்தமலையின் தலக்கதையோடும் நீராடல் முறையோடும் ஒப்பிட்டு, இராமேசுவரத் தீர்த்தங்கள் உவர்நீர் சூழ்ந்த நிலத்தில் நன்னீர் கிடைக்கும் இடங்களைப் பற்றிய உள்ளூர் அறிவைச் சடங்கு வடிவில் காத்து வருகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: இராமேசுவரம், தீர்த்தமலை, சேது, தீர்த்தம், தலபுராணம், நன்னீர், கோடி தீர்த்தம்

முன்னுரை

தருமபுரி மாவட்டத்திற்குக் கடல் இல்லை. அம்மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் கடற்கரைத் திருத்தலம் ஒன்றைப் பற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் வேண்டும். இக்கட்டுரைக்கான காரணம் ஒரு கதை. அரூர்ப் பகுதியில் பிள்ளைகள் சிறுவயதிலேயே கேட்கும் கதை அது: இராவண வதத்திற்குப் பின் இராமர் சிவபூசை செய்ய விரும்பினார், காசியிலிருந்து கங்கை நீரும் மலரும் கொண்டுவர அனுமனை அனுப்பினார், அனுமன் வரப் பிந்தியதால் இராமர் மலைமீது அம்பெய்தார், பாறையிலிருந்து நீர் பெருகியது, பூசை முடிந்தது, பிந்தி வந்த அனுமன் கொண்டுவந்த நீரைச் சினத்தோடு வீசியெறிய, அது தென்பெண்ணையாற்றில் விழுந்து அனுமன் தீர்த்தம் ஆயிற்று.

களப்பணிக்காக முதன்முறை இராமேசுவரம் சென்றபோது, கோயிலுக்குள் வழிகாட்டி ஒருவர் கூறிய கதையைக் கேட்டுக் கட்டுரையாளர் சற்றே திகைக்க நேர்ந்தது. அங்கும் அனுமன் பிந்துகிறார். கயிலையிலிருந்து இலிங்கம் கொண்டுவரச் சென்றவர் குறித்த நேரத்திற்குள் வராததால், சீதை மணலால் இலிங்கம் அமைக்க, இராமர் அதனை வழிபடுகின்றார். பின்னர் வந்த அனுமன் வருந்த, அவர் கொணர்ந்த இலிங்கத்திற்கே முதற்பூசை என்று விதிக்கப்படுகின்றது. இன்றும் விசுவலிங்கத்திற்குப் பூசை நடந்த பின்னரே இராமலிங்கத்திற்குப் பூசை நடைபெறுகின்றது. அங்கே இலிங்கம், இங்கே நீர். மற்றபடி கதையின் எலும்புக்கூடு ஒன்றே.

இவ்வொப்புமையை ஒரு தலத்தின் கதையை மற்றொரு தலம் கடன் வாங்கியது என்று முடித்துவிடுதல் எளிது. அது ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இரு தலங்களிலும் கதை எந்த இடத்தில் நிலைகொள்கிறது என்பதைக் கவனித்தால் வேறொன்று தெரிகின்றது. எதிர்பாராத இடத்தில் குடிக்கத்தக்க நீர் கிடைக்கும்போது அங்கே கதை பிறக்கின்றது. இராமேசுவரத்தில் காணத்தக்கவை எவை, செய்யத்தக்கவை எவை என்பதை இந்த நோக்கில் விளக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

நீராடலின் நடைமுறை

இராமேசுவரத்தில் யாத்திரிகரின் நாள் கடலில் தொடங்குகின்றது. கோயிலின் கிழக்கு வாயிலுக்கு எதிரே உள்ள கடற்பகுதியே அக்கினி தீர்த்தம். சீதையின் தீப்புகுதலோடு தொடர்புபடுத்தப்படும் இவ்விடத்தில் அலை மிகக் குறைவு; முழங்கால் அளவு நீரில் நெடுந்தொலைவு நடந்து செல்லலாம். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் கரையெங்கும் முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்வோர் நிறைந்திருப்பர். கடலில் மூழ்கியவர் ஈர உடையுடனேயே கோயிலுக்குள் செல்ல வேண்டும். உள்ளே 22 தீர்த்தங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கிணறுகள்; சில சிறு குளங்கள்.

மகாலட்சுமி, சாவித்திரி, காயத்திரி, சரசுவதி, சேதுமாதவர், கந்தமாதனம், கவாட்சம், கவயம், நளன், நீலன், சங்கு, சக்கரம், பிரமகத்தி விமோசனம், சூரியன், சந்திரன், கங்கை, யமுனை, கயை, சிவன், சத்தியாமிர்தம், சர்வம், கோடி என்பன அத்தீர்த்தங்களின் பெயர்கள். ஒவ்வொரு கிணற்றின் கைப்பிடிச் சுவர் மீதும் ஒருவர் நின்று, சிறு வாளியைக் கயிற்றில் விட்டு நீர் இறைத்து, வரிசையில் வருவோர் தலையில் ஊற்றுகின்றார். அவ்வேலையில் ஒரு தாளம் உண்டு. வாளி கீழே செல்வதும் மேலே வருவதும் சாய்வதும் ஒரே அசைவாகிவிடுகின்றன. யாத்திரிகர் தாமே இறைத்துக் குளிப்பதில்லை. தலை குனிந்து நின்று வாங்கிக்கொள்கின்றனர். இந்நீராடல் முடிந்து, உலர்ந்த ஆடை உடுத்த பின்னரே கருவறைத் தரிசனம்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திக் கூற வேண்டியுள்ளது. கோயிலைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பகுதியை நிறைப்பது மூன்றாம் பிராகாரம். 18ஆம் நூற்றாண்டில் சேதுபதி மன்னர் காலத்தில் நிறைவெய்திய அந்த நீண்ட தூண் வரிசை வியக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் நீராட வரும் அடியவர் அதனை நிமிர்ந்து பார்ப்பது அரிது. ஈரத்தில் வழுக்காமல் நடக்க வேண்டும். அடுத்த தீர்த்தம் எத்திசையில் என்று தேட வேண்டும். உடன்வந்த முதியவரின் கையை விடாமல் செல்ல வேண்டும். அவருடைய பார்வை தரையில் இருக்கும். கட்டடக்கலை ஆய்வாளர் காணும் கோயிலும் நீராடுபவர் காணும் கோயிலும் ஒரே இடத்தில் இருக்கும் இரு வேறு கோயில்கள் என்றே கூறலாம். விடியற்காலையில் நடைபெறும் ஸ்படிகலிங்கத் தரிசனத்திற்கு வருவோர் மட்டுமே அப்பிராகாரத்தை அதன் அமைதியோடு காண்கின்றனர்.

இருபத்துநான்கும் இருபத்திரண்டும்

இராமேசுவரத்தைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் நீராடல் இல்லை. அகநானூற்றின் 70ஆம் பாடலில், பாண்டியரின் பழைய கோடிக்கரையில் ஆலமரத்துப் பறவைகளின் ஒலியை இராமன் அடங்கச் செய்த செய்தி உவமையாக வருகின்றது. மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடிய அப்பாடலின் கோடியைத் தனுஷ்கோடி எனக் கொள்வோர் பலர். அங்கே இராமன் மந்திராலோசனை நடத்துபவனாகத்தான் இருக்கின்றான். பூசை செய்பவனாக இல்லை. வால்மீகி இராமாயணத்திலும் மணல் இலிங்கக் கதை இல்லை. சம்பந்தரும் அப்பரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். அரக்கரை அழித்த பின் திருமால் எடுத்த கோயில் என்னும் செய்தி அப்பர் பதிகத்தில் திரும்பத் திரும்ப வருகின்றது. இன்று நாம் அறியும் கிணற்று வரிசை அப்பதிகங்களின் பேசுபொருள் அன்று.

தீர்த்த வரிசையை விரிவாகக் கூறுவது ஸ்காந்த புராணத்தின் பிரம்ம காண்டத்தைச் சேர்ந்த சேது மாகாத்மியம். நிரம்ப அழகிய தேசிகர் இயற்றிய சேதுபுராணம் அம்மரபைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. சேது மாகாத்மியம் முதன்மையாகக் குறிப்பிடும் தீர்த்தங்கள் 24. சக்கர தீர்த்தம், பாபவிநாசம், சீதா குண்டம், மங்கள தீர்த்தம், பிரம்ம குண்டம், அனுமத் குண்டம், அகத்திய தீர்த்தம், இராம தீர்த்தம், இலட்சுமண தீர்த்தம், சடா தீர்த்தம், அக்கினி தீர்த்தம், கோடி தீர்த்தம், தனுஷ்கோடி முதலியன அவ்வரிசையில் அடங்கும்.

இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு மாற்றம் புலப்படும். இலட்சுமி, சங்கு, சக்கரம், சிவன், கங்கை, யமுனை, கயை, கோடி, சத்தியாமிர்தம், சர்வம் ஆகியவை இரண்டிலும் உள்ளன. இராமர், இலட்சுமணர், சீதை, சடை, தனுஷ்கோடி ஆகியவை இன்றைய 22இல் இல்லை. அவை கோயிலுக்கு வெளியே, தீவின் பல பகுதிகளில் உள்ளன. இராமர் தீர்த்தமும் இலட்சுமணர் தீர்த்தமும் ஊருக்குள் பெருஞ்சாலையை ஒட்டியுள்ளன. சடா தீர்த்தம் தனுஷ்கோடி செல்லும் வழியில் உள்ளது. தனுஷ்கோடியோ கோயிலிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ளது.

அதாவது, புராணம் காட்டும் தலம் ஒரு நிலப்பரப்பு. இன்றைய யாத்திரிகர் அறியும் தலம் ஒரு மதில். முன்னாளில் சேது யாத்திரை தீவுக்கு வருமுன்னரே தொடங்கிவிடும். உப்பூர் விநாயகர், கடலுக்குள் நவக்கிரகக் கற்கள் நிற்கும் தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை ஆகிய இடங்களில் தங்கி வழிபட்டு, பின்னர்ப் படகேறிப் பாம்பனை அடைவர். அவ்வழியெங்கும் சேதுபதி மன்னர்கள் சத்திரங்கள் அமைத்தனர். தஞ்சை மராட்டியர் ஒரத்தநாட்டில் அமைத்த முத்தாம்பாள் சத்திரமும் சேது யாத்திரிகரை மனத்திற்கொண்டதே. நாள்கணக்கில் நடந்தவருக்கு அடுத்த நல்ல நீர் எங்கே கிடைக்கும் என்பது பக்தியோடு சேர்ந்த வாழ்வியல் வினா. 1914இல் பாம்பன் தொடருந்துப் பாலமும் 1988இல் சாலைப் பாலமும் வந்த பின் அவ்வினா யாத்திரையிலிருந்து நீங்கிற்று. இன்று ஒருவர் காலையில் வந்து, 22 தீர்த்தமாடி, மாலையில் திரும்பிவிடலாம். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய தொடருந்துப் பாலம் இவ்விரைவை மேலும் எளிதாக்கியுள்ளது. இதனைக் குறையாகக் கூறவில்லை. முதியோர்க்கு இது பெரும்பேறு. ஆனால் தீவின் நீர்நிலைகளை ஒன்றோடொன்று இணைத்த நடைவழி மறைந்தபோது, அந்நீர்நிலைகளுக்கிடையேயான தொடர்பைப் பற்றிய அறிவும் மறைந்தது.

உப்பின் நடுவே நன்னீர்

பாம்பன் தீவு மணலும் பவளப்பாறைச் சுண்ணாம்புக் கல்லும் கொண்டது. ஆறு இல்லை, மலையூற்று இல்லை. நாற்புறமும் கடல் சூழ்ந்த இத்தகைய நிலத்தில் கிணறு தோண்டினால் உவர்நீரே வரும் என்று உள்நாட்டவராகிய நாம் கருதுவோம். ஆனால் மழைநீர் மணலுக்குள் இறங்கும்போது, அடியிலுள்ள கடல்நீரோடு உடனே கலந்துவிடுவதில்லை. நன்னீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. எடை குறைந்த நன்னீர், எடை மிகுந்த உவர்நீரின் மேல் கண்ணாடி வில்லை போன்ற வடிவில் மிதந்து நிற்கும். கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் கைபோன கணக்கு. இதன் மறுபுறமும் உண்மை. மிகுதியாக இறைத்து மேல்மட்டம் 1 அடி தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏறி வருவதற்கு வழியேற்படும்.

தனுஷ்கோடியில் வாழும் மீனவ மக்கள் இதனைக் கணக்கின்றி அறிவர். கடலுக்குச் சில அடித் தொலைவில் மணலைக் கையால் தோண்டி, ஊறும் நீரைச் சிறு கலத்தால் முகந்து குடத்தை நிரப்புகின்றனர். ஆழமாகத் தோண்டுவதில்லை, தோண்டினால் உப்பு ஏறிவிடும். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் அவ்வூரை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணியர் தொடருந்து அலையில் சிக்கி, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்த பின்னும் அங்கே குடிசைகள் இருப்பதற்கு மீனோடு இந்த ஊற்றும் ஒரு காரணம். இடிந்த தேவாலயத்தையும் தொடருந்து நிலையத்தையும் ஒளிப்படம் எடுத்து, அரிச்சல்முனை வரை சென்று திரும்புவோர் இவ்வூற்றுகளைக் காணாமலே போகின்றனர். இராமேசுவரத்தில் காணத்தக்கது ஒன்றே ஒன்று எனக் கூறுமாறு கேட்டால், கட்டுரையாளர் கைகாட்டுவது இந்த மணற்குழியைத்தான். (இருபுறக் கடல்களையும் அப்பகுதி மக்கள் ஆண்கடல், பெண்கடல் என்று அழைப்பதையும் அங்கேயே கேட்கலாம். அலை மிகுந்த மன்னார் வளைகுடா ஆண்கடல். அடங்கிய வடபுறக் கடல் பெண்கடல். புராணம் இவற்றை இரத்தினாகரம், மகோததி என்னும்.)

தங்கச்சிமடத்திலுள்ள வில்லூண்டித் தீர்த்தம் இவ்வறிவின் கதை வடிவம். கரையிலிருந்து சிறுபாலம் வழியாக நடந்து சென்றால், கடலுக்குள்ளேயே ஒரு கிணறு, அதில் நன்னீர். சீதையின் தாகம் தணிக்க இராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது கதை. வில்லை நன்னீர் வில்லைக்குள் ஊன்றினார் என்று சிலேடையாகச் சொல்லத் தோன்றுகின்றது. ஆய்வுக் கட்டுரையில் அதற்கு இடமில்லை.

கோயிலுக்குள் உள்ள கோடி தீர்த்தத்தின் கதை இன்னும் நெருக்கமானது. இலிங்கத்தைத் திருமுழுக்காட்டத் தூய நீர் இல்லாதபோது, இராமர் வில்லின் நுனியால் நிலத்தைப் பிளக்க, கங்கை வெளிப்பட்டது என்பர். கோடி என்பதற்கு இங்கே நுனி என்பதே பொருள், எண்ணுப்பெயர் அன்று. கடலின் ஓரத்தில், வழிபாட்டிற்குக் கடல்நீர் உதவாத நிலையில், மண்ணுக்குள்ளிருந்து நன்னீர் கிடைத்த வியப்பே இக்கதையின் கரு.

தீர்த்தமலையின் ஒப்புமை

இனி, கட்டுரையாளரின் மாவட்டத்திற்குத் திரும்பலாம். தீர்த்தமலை அரூரிலிருந்து ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் உள்ளது. இறைவன் தீர்த்தகிரீசுவரர், இறைவி வடிவாம்பிகை. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம். சைவ எல்லப்ப நாவலர் தீர்த்தகிரிப் புராணம் பாடியுள்ளார். மலைமேல் இராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்கினி என்னும் பெயர்களில் ஐந்து தீர்த்தங்கள் உள்ளன. அவற்றுள் இராமர் தீர்த்தம், உயர்ந்த பாறையின் மேலிருந்து மெல்லிய தாரையாக விழுகின்றது. கோடையில் ஏறிச் சென்று அத்தாரையின் கீழ் தலையை நீட்டியவர்க்கு அம்பெய்த கதையை யாரும் விளக்க வேண்டுவதில்லை.

தருமபுரி நிலம் கடினப்பாறை நிலம். மழைநீர் பாறையின் வெடிப்புகளில் மட்டுமே தங்கும். அவ்வெடிப்பு எங்கே வெளித்திறக்கின்றதோ அங்கே ஊற்று. மலையின் மற்றப் பகுதி வறண்டிருக்க, ஓரிடத்தில் மட்டும் நீர் சொட்டுவதற்கு இதுவே காரணம். இராமேசுவரத்தில் உப்பு எவ்வாறு நன்னீரை வியப்பாக்குகின்றதோ, அவ்வாறே இங்கே பாறை நீரை வியப்பாக்குகின்றது. இரண்டிடத்தும் இராமனின் வில்லே அவ்வியப்பிற்கு விளக்கமாகின்றது. கோடி தீர்த்தக் கதையில் வில்லின் நுனி. தீர்த்தமலைக் கதையில் அம்பு. இரண்டிலும் தேவை ஒன்றே: சிவபூசைக்கு நீர். முன்னுரையில் கூறிய இலிங்கக் கதையைவிடத் தீர்த்தமலைக்கு நெருங்கிய இணை கோடி தீர்த்தக் கதையே. இராமேசுவரத்தில் தனித்தனியாக நிற்கும் இரு கதைகளைத் தீர்த்தமலை ஒன்றாக்கிவிட்டது என்பது கட்டுரையாளர் கருத்து. அனுமனின் காலத்தாழ்வு இலிங்கக் கதையிலிருந்தும், நீரின் பிறப்பு கோடி தீர்த்தக் கதையிலிருந்தும் வந்து இங்கே இணைந்துள்ளன.

நீராடல் முறையிலும் இவ்விணை தொடர்கின்றது. தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன் தீர்த்தத்தில் முதலில் மூழ்கி, பின்னரே மலையேறி இராமர் தீர்த்தத்தில் நனைய வேண்டும் என்பது மரபு. அகன்ற நீரில் தொடங்கி ஒடுங்கிய நீரில் முடியும் முறை இது. இராமேசுவரத்தில் கடலிலிருந்து கிணற்றுக்கு. இங்கே ஆற்றிலிருந்து தாரைக்கு. முதல் நீரில் யாத்திரிகர் தாமே இறங்குகின்றார். இரண்டாம் நீர் அவர்மீது இறங்குகின்றது. தலபுராணங்களை ஆராய்வோர் தீர்த்தங்களைப் பெயர், பயன் என்னும் இரு பத்திகளில் அட்டவணையாக்கி அடுத்த இயலுக்குச் சென்றுவிடுகின்றனர். கட்டுரையாளரும் தம் ஆய்வின் முதல் ஆண்டில் அதனையே செய்தார். எந்த நீருக்குப் பின் எந்த நீர், உடல் அதனை எவ்வாறு ஏற்கின்றது என்பவற்றை அவ்வட்டவணை காட்டுவதில்லை.

நீர் என்னும் பொருட்டு

தருமபுரியில் நல்ல நீர் என்பது உருவகம் அன்று. இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளூரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிநீருக்கு ஏற்றதன்று என்பது உலக நலவாழ்வு அமைப்பின் வரையறை. தாண்டிய நீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்தோரின் பற்களில் பழுப்புக் கறை நிலைத்துவிடும். நெடுங்காலம் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிப்புறும். இக்கட்டுரையாளரின் முன்பற்களிலும் அக்கறை உண்டு. வேற்று மாவட்டக் கல்லூரிகளில் உரையாற்ற நேர்ந்தபோது, புகைப்பழக்கம் உண்டா என்று அன்போடு வினவியோர் உளர். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்காக, ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டதன் நோக்கமே காவிரி நீரைக் கொண்டுவந்து இந்நோயைத் தணிப்பதுதான்.

பாறைக்குள் நீர் நெடுங்காலம் தங்கத் தங்க ஃபுளூரைடு மிகுதியாகக் கரையும். மழை பெய்து விரைவில் வெளிப்படும் ஊற்றில் அது குறைவாக இருக்க வாய்ப்புண்டு. மலையூற்றைப் புனிதமாகவும் நோய் தீர்ப்பதாகவும் போற்றிய முன்னோர், ஆழ்துளைக் கிணறு வருவதற்கு நெடுங்காலம் முன்பே நீரிடையே வேறுபாடு கண்டனர். இதனால் அவர்கள் வேதியியல் அறிந்திருந்தனர் என்று கூறிவிடக் கூடாது. நம் துறைக் கருத்தரங்குகளில் அத்தகைய கூற்றுகள் மிகுந்து வருகின்றன. அவை மரபுக்கும் நன்மை செய்யா, அறிவியலுக்கும் நன்மை செய்யா. மக்கள் சுவையால் அறிந்தனர், நினைவில் வைக்கக் கதையாக்கினர் என்ற அளவே போதுமானது.

இராமேசுவரத்தின் நிலையும் கவலைக்குரியதே. விடுதிகள் பெருகப் பெருக, தீவின் நன்னீர் வில்லையிலிருந்து இறைக்கப்படும் நீரும் பெருகும். கழிவுநீர் மணலுக்குள் எளிதில் இறங்கும். அக்கினி தீர்த்தத்தில் நீராடியோர் தம் பழைய ஆடைகளைக் கடலிலேயே விட்டுச்செல்லும் வழக்கம் சாத்திரத்தில் இருந்து வந்ததா, சோம்பலில் இருந்து வந்ததா என்று ஆராய வேண்டியதில்லை. கரையில் கிடக்கும் துணிக்குவியலே போதிய சான்று. 22 கிணறுகளுள் ஒன்று உவர்ப்பாக மாறினால் சடங்கு நின்றுவிடாது. வாளி இறங்கும், ஏறும், ஊற்றப்படும். தலையில் வாங்குபவர் நாவில் வாங்குவதில்லை என்பதால் அம்மாற்றம் யாருக்கும் தெரியாமலே நிகழ்ந்துவிடும். சடங்கு காத்துவந்த அறிவைச் சடங்கே மறைத்துவிடக்கூடிய நிலை இது.

கள ஆய்வுக்கு ஒரு வழிமுறை

மாணவர்களை இராமேசுவரத்திற்குக் கல்விச் சுற்றுலாவாக அழைத்துச் செல்லும் விரிவுரையாளர்கள், வழக்கமாகக் கோயில், பாலம், பேய்க்கரும்பிலுள்ள அப்துல் கலாம் நினைவகம், அரிச்சல்முனை என்னும் வரிசையில் ஒரே நாளில் முடித்துவிடுகின்றனர். இரண்டு நாள் ஒதுக்க இயன்றால், முதல் நாளைத் தீவின் வெளித் தீர்த்தங்களுக்கு அளிக்கலாம். வில்லூண்டியில் தொடங்கி, இராமர் தீர்த்தம், இலட்சுமணர் தீர்த்தம், இராமர் பாதம் உள்ள கந்தமாதன மேடு, சடா தீர்த்தம், 1964 புயலிலும் நிலைத்து நின்ற கோதண்டராமர் கோயில், தனுஷ்கோடி ஊற்று எனச் செல்லலாம். கந்தமாதன மேட்டில் நின்று பார்த்தால் தீவின் நிலவமைப்பும் இருபுறக் கடலும் ஒரே பார்வையில் விளங்கும். சேது மாகாத்மியம் இப்பகுதி முழுவதையும் கந்தமாதனம் என்று அழைப்பதன் காரணமும் அங்கே புரியும். ஒவ்வோரிடத்திலும் அப்பகுதி மக்கள் எந்த நீரைக் குடிக்கின்றனர், எந்த நீரைத் துவைக்கப் பயன்படுத்துகின்றனர், எந்தக் கிணறு எந்த ஆண்டு முதல் உவர்த்தது என்று மாணவர் கேட்டு எழுதலாம். உப்பளவைக் காட்டும் சிறு கருவி ஒன்றை வேதியியல் துறையிலிருந்து இரவல் பெற்றுச் செல்வது நன்று. புராணப் பெயர், வாய்மொழிக் கதை, உப்பளவு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் குறிக்கும் பதிவேடு தமிழாய்வுக்குப் புதிய தரவாக அமையும்.

இரண்டாம் நாள் விடியலில் ஸ்படிகலிங்கத் தரிசனம், பின் அக்கினி தீர்த்தம், பின் 22 தீர்த்தங்கள். இறுதியில் வருவது கோடி தீர்த்தம். அதன் நீரையே யாத்திரிகர் கலத்தில் நிரப்பி ஊருக்கு எடுத்துச் செல்கின்றனர். அதில் நீராடிய பின் அங்கே தங்கலாகாது, புறப்பட்டுவிட வேண்டும் என்பது மரபு. களப்பணி முடிந்து கட்டுரையாளர் எடுத்துவந்த கோடி தீர்த்தக் கலம் அரூரில், வீட்டுப் பூசை மாடத்தில், தீர்த்தமலை இராமர் தீர்த்தக் கலத்திற்கு அருகில் உள்ளது.